தாய்ப்பால் முதல்ல காவல், அப்புறம்தான் சாப்பாடு

நடுவர் அய்யா அவர்களே, எங்க அணித் தலைவரே, எதிரணியில உக்காந்து நான் மைக்க புடிக்கறதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சுட்ட அண்ணன்களே அக்காக்களே, முன்வரிசையில குழந்தைய மடியில போட்டுக்கிட்டு ஒரு கையால கைதட்டுறதுக்கு வழி பாத்துக்கிட்டு இருக்குற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு என்ன? குழந்தைக்கு தாய்ப்பாலால கிடைக்கிற பெரிய நன்மை பசி தீர்க்குற உணவா, நோய் தடுக்குற காவலா? எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் உணவேன்னு அடிச்சு பேசிட்டு போயிருக்காரு. நல்லாதான் பேசுனாரு, பொய் சொல்லக்கூடாது. கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, புரதம் இவ்வளவுன்னு ஹோட்டல் சர்வர் மெனு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிச்சாரு. நடுவுல ரெண்டு பழமொழி வேற. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், பசிக்குதானே அழுவுது"ன்னாரு. அப்புறம் "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற"ன்னாரு. கடைசியா, உணவுங்கறதாலதான் இன்னைக்கு அதே சத்த டப்பாவுல அடைக்க முடியுதுன்னு ஒரு போடு போட்டாரு பாருங்க, அங்கதான் அண்ணன் எங்கிட்ட மாட்டிக்கிட்டாரு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல அந்த அழுத பிள்ளை. அண்ணே, அழுகைங்கறது பசியோட கடைசி அறிகுறி. அதுக்கு ரொம்ப முன்னாடியே குழந்தை வாய தொறந்து தலைய அங்கயும் இங்கயும் திருப்பும், கைய வாயில வைக்கும், நாக்க நீட்டும். அத பாத்து குடுத்துட்டா அழவே வேணாம். அழுத பிள்ளைக்கு குடுக்கறதுதான் கஷ்டம், அது அழுவுமா சப்புமா? அதனால அந்த பழமொழி ஆபீஸ்ல சம்பள உயர்வு கேக்கறதுக்கு வச்சுக்கோங்க, இங்க வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அய்யா, நான் ஒரே ஒரு கேள்வியிலருந்து ஆரம்பிக்கறேன். தாய்ப்பால் முதல்ல உணவுன்னா, முதல் நாள் எவ்வளவு வரணும்? ஒன்பது மாசம் தொப்புள்கொடி வழியா இடைவிடாம சாப்பிட்டுக்கிட்டு இருந்த பிள்ளை, திடீர்னு கொடி கட்டாகி வெளிய வந்து விழுந்துருச்சு. பசிதான் பெரிய பிரச்சனைன்னா அன்னைக்குதான் குடம் குடமா பால் வரணும். வருதா? சீம்பால் எவ்வளவு வரும்னு பெத்தவங்கள கேளுங்க. முதல் 24 மணி நேரத்துல ஒரு தடவைக்கு 2 மில்லியிலருந்து 10 மில்லி வரைக்கும். மிஞ்சிப்போனா ரெண்டு டீஸ்பூன். அதுலயும் பின்னாடி வர்ற பாலவிட கொழுப்பு கம்மி, சர்க்கரை கம்மி. நிறைய பால் சுரக்க ரெண்டு நாள், மூணு நாள், சிலருக்கு நாலு நாள் கூட ஆகும். அதுக்குள்ள குழந்தையோட எடை குறையும், பொறந்த எடையில நூத்துக்கு ஏழு பங்கு வரைக்கும் குறையறத டாக்டருங்க சாதாரணமாதான் எடுத்துக்கறாங்க, ரெண்டு வாரத்துக்குள்ள திரும்பி வந்துரும்.

அப்போ அந்த ரெண்டு டீஸ்பூன்ல அப்படி என்னதான் இருக்கு? காவக்காரங்க. மஞ்சளா கெட்டியா இருக்கே, பழைய பால், கெட்ட பால்னு சிலர் பீய்ச்சி கீழ ஊத்திடறாங்களே, அந்த சீம்பால்ல ஐஜிஏன்னு ஒரு ஆன்டிபாடி, அதாவது கிருமிய அடையாளம் பாத்து புடிக்கிற புரதம், நிரம்பி வழியுது. பின்னாடி வர்ற பால்ல இருக்கறதவிட பல மடங்கு. வெள்ளை அணுக்கள் உயிரோட இருக்கு. லாக்டோஃபெரின்னு ஒரு புரதம் இருக்கு, அது என்ன பண்ணும்னா கிருமி வளர தேவைப்படற இரும்புச்சத்த அதுக்கு கிடைக்கவிடாம தானே கட்டிப்புடிச்சு வச்சுக்கும், கிருமி பட்டினி. அண்ணே, நீங்க குழந்தையோட பசியப் பத்தி பேசுனீங்க, நான் கிருமியோட பசியப் பத்தி பேசறேன்!

ஏன் முதல் நாளே இவ்வளவு அவசரம்னு யோசிங்க. கர்ப்பத்துக்குள்ள குழந்தை ஒரு பாதுகாப்பான அறைக்குள்ள இருந்துச்சு. வெளிய வந்த நிமிஷத்துலருந்து தோல்ல, மூக்குல, வாயில, குடல்ல கோடிக்கணக்குல கிருமி குடியேற ஆரம்பிக்குது. அம்மா நஞ்சுக்கொடி வழியா ஐஜிஜின்னு ஒரு ஆன்டிபாடிய ஏற்கனவே ரத்தத்துல குடுத்து அனுப்பியிருக்கா, அது உள்ளுக்குள்ள ரத்தத்துல காவல் நிக்கும். ஆனா குடலோட உள்சுவர்ல நிக்கறதுக்கு ஆளில்ல, அந்த ஐஜிஏ நஞ்சுக்கொடி வழியா வர்றதில்ல, குழந்தை தானா அத போதுமான அளவுக்கு செய்யறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அந்த காலி வாசல்ல போய் நிக்கறதுதான் சீம்பால். ரத்தத்துக்குள்ள கூட போகாது, குடல் சுவர்ல பெயின்ட் அடிச்ச மாதிரி படிஞ்சுக்கிட்டு, வர்ற கிருமிய சண்டை சச்சரவு இல்லாம புடிச்சு அப்படியே வெளிய தள்ளிவிட்டுரும். வீடு குடிபோகும்போது மொதல்ல கதவுக்கு பூட்டு போடுவோமா, ஃபிரிட்ஜ நிரப்புவோமா? அம்மா உடம்பு பூட்டு போடுது அய்யா. ஃபிரிட்ஜ் மூணாவது நாள்தான் வருது.

அதனாலதான் பொறந்த 1 மணி நேரத்துக்குள்ள குடுக்க ஆரம்பிங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இது ஏதோ நேத்து கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 1892-ல ஜெர்மனியில பால் எர்லிக்னு ஒரு விஞ்ஞானி. (பேரே பால், நான் வச்சதில்ல.) அவரு சுண்டெலிய வச்சு ஒரு சோதனை பண்ணாரு. ஒரு தாய் எலிக்கு ஒரு விஷத்த கொஞ்சம் கொஞ்சமா குடுத்து எதிர்ப்பு சக்தி வர வச்சாரு. இன்னொரு தாய் எலி சாதாரண எலி. ரெண்டும் குட்டி போட்டுச்சு. போட்டதும் குட்டிகள மாத்தி விட்டுட்டாரு, இதோட குட்டி அதுகிட்ட, அதோட குட்டி இதுகிட்ட. என்ன ஆச்சு? எதிர்ப்பு சக்தி உள்ள எலிகிட்ட பால் குடிச்ச குட்டிக்கு, பெத்த தாய் அது இல்லன்னாலும், பாதுகாப்பு வந்துருச்சு. எலியில ஆன்டிபாடி குடல் வழியா ரத்தத்துக்கே போகும், மனுஷக் குழந்தையில பெரும்பாலும் குடல்லயே நின்னு வேலை பாக்கும், அந்த வித்தியாசம் இருக்கு, எதிரணி கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஆனா பால் வழியா காவல் கைமாறுதுங்கறத 130 வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டாங்க. அந்த எர்லிக்குக்குதான் 1908-ல நோபல் பரிசு குடுத்தாங்க, எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சிக்காக.

இப்ப அண்ணனோட ரெண்டாவது பழமொழி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. அய்யா இத கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா இந்த பழமொழி பொய்யாகிற ஒரே காலம் எதுன்னா பால் குடிக்கிற காலம்தான்.

எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே வீடு, ஒரே காத்து, ஒரே கிருமி. இப்ப ஒரு வயித்துப்போக்கு கிருமி வீட்டுக்குள்ள வருதுன்னு வச்சுக்கோங்க. அம்மாவோட வாய் வழியா அவ குடலுக்கு போகுது. குடல் சுவர்லயே ஒரு செக்போஸ்ட் இருக்கு, அங்க இருக்குற அணுக்கள் அந்த கிருமிய அடையாளம் பாத்து வச்சுக்கிது. அந்த அடையாளத்தோட பி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள் அங்கருந்து கிளம்பி ரத்தத்துல பயணம் பண்ணி நேரா எங்க போகுது? மார்புக்கு. அங்க போய் உக்காந்து, அதே கிருமிக்கு எதிரான ஐஜிஏவ செஞ்சு பால்ல கலந்து விடுது. அம்மா மூச்சுக்குழாய்ல பட்ட கிருமிக்கும் இதே கதைதான். ஆக அம்மா வயித்துல போனது எதிரி, பிள்ளை வாயில வர்றது அந்த எதிரிக்குன்னே அளவெடுத்து தைச்ச மருந்து. வாயும் வயிறும் வேறயா அண்ணே? அவ வயித்துலருந்து இவன் வாய்க்கு நேரடி ரூட் பஸ் ஓடுது!

இதுல இன்னொரு விஷயம். அம்மாவுக்கு சளி காய்ச்சல்னா "ஐயோ பால் குடுக்காத, பிள்ளைக்கு ஒட்டிக்கும்"னு சொல்ற பெரியவங்க நம்ம எல்லார் வீட்லயும் உண்டு. ஒட்டிக்கறது பாலால இல்ல, தும்மல்ல, கையில. அந்த கிருமி காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே வீட்ல சுத்த ஆரம்பிச்சிருக்கும். அந்த நேரத்துல பால நிறுத்துனா கிருமி வந்தாச்சு, காவல அனுப்பிட்டோம்னு ஆயிரும். முகத்த மூடிக்கிட்டு, கைய கழுவிக்கிட்டு குடுக்க வேண்டியதுதான். சில நோய்க்கும் சில மருந்துக்கும் விதிவிலக்கு இருக்கு, அத டாக்டர் சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல.

சரி, அடுத்தது என்னோட பிரம்மாஸ்திரம். எதிரணி பேனாவ எடுத்து எழுதிக்கலாம்.

தாய்ப்பால்ல தண்ணிய விட்டுட்டு பாத்தா அதிகமா இருக்கறது லாக்டோஸ்ங்கற சர்க்கரை. ரெண்டாவது கொழுப்பு. மூணாவது என்ன? அண்ணன் புரதம்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. மூணாவது இடத்துல இருக்கறது ஒலிகோசாக்கரைடுன்னு ஒரு வகை சர்க்கரை. ஒரு லிட்டர் பால்ல 5 கிராம்லருந்து 15 கிராம் வரைக்கும் இருக்கு, சீம்பால்ல அதவிட ஜாஸ்தி. வகை மட்டும் 150-க்கு மேல. இவ்வளவு கஷ்டப்பட்டு அம்மா உடம்பு சத்த செலவழிச்சு செய்யுதே, குழந்தை இத சாப்பிட்டு என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது! குழந்தையால இத செரிக்க முடியாது! அதுக்கான என்சைமே குழந்தை குடல்ல கிடையாது, பெரும்பாலானது பத்திரமா பெருங்குடல் வரைக்கும் போய் சேரும்.

உணவு உணவுன்னு சொன்னீங்களே, சாப்பிடற ஆளுக்கு செரிக்காத ஒண்ணு எப்படி அண்ணே உணவு?

அது யாருக்கு சாப்பாடுன்னா, பிஃபிடோபாக்டீரியான்னு நல்ல கிருமிக்கு. 1899-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல ஹென்றி டிஸ்ஸியேன்னு ஒருத்தர் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளோட ஆய எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாத்துக்கிட்டு இருந்தாரு. (அவரு சம்சாரம் என்ன நினைச்சாங்களோ.) அதுல ஒய் எழுத்து மாதிரி கிளை விட்ட ஒரு பாக்டீரியா இருந்தத கவனிச்சாரு. அதுதான் இது. தாய்ப்பால்ல இருக்குற இந்த செரிக்காத சர்க்கரைய சாப்பிட்டு இது நல்லா வளரும், அமிலத்த சுரந்து அந்த இடத்தையே கெட்ட கிருமிக்கு பிடிக்காத இடமா மாத்தி வச்சுரும். அம்மா பால் குடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் குடுக்கல, பிள்ளைக்குள்ள இருக்குற ஒரு பட்டாளத்துக்கும் சேத்து படி அளக்கறா. இன்னும் ஒரு தந்திரம், இந்த சர்க்கரைகள்ல சிலது பாக்கறதுக்கு குடல் சுவர்ல கிருமி ஒட்டிக்கிற கொக்கி மாதிரியே இருக்கும். வர்ற கிருமி ஏமாந்து போய் சுவருன்னு நினைச்சு இதுமேல ஒட்டிக்கும், அப்படியே டயப்பரோட வெளிய போயிரும்.

லைசோசைம்னு இன்னொண்ணு இருக்கு, பாக்டீரியாவோட சுவரயே உடைக்கிற என்சைம். பென்சிலின் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி 1922-ல மூக்குச் சளியில கண்டுபிடிச்சது இது. கண்ணீர்லயும் இருக்கு. தாய்ப்பால்ல தாராளமா இருக்கு.

இப்ப டப்பா விஷயத்துக்கு வர்றேன். அண்ணன் சொன்னத நான் மறக்கல. உணவுங்கறதாலதான் டப்பாவுல அடைக்க முடியுதுன்னு சொன்னாரு. முதல்ல அடைச்சவங்கள்ல ஒருத்தர் யாருன்னு தெரியுமா? யுஸ்டஸ் ஃபான் லீபிக், பெரிய வேதியியல் மேதை. 1865-ல அவரு அண்ணன் மாதிரியே யோசிச்சாரு. தாய்ப்பால்ல என்ன இருக்கு, கொழுப்பு, புரதம், மாவுச்சத்து, உப்பு, அவ்வளவுதானேன்னு கணக்கு போட்டு பசும்பால், கோதுமை மாவு, முளைகட்டின பார்லி மாவு, கொஞ்சம் பொட்டாசியம் உப்பு எல்லாம் கலந்து குழந்தை உணவு தயார் பண்ணிட்டாரு. கணக்கு அன்னைக்கு தெரிஞ்ச அளவுக்கு சரிதான். அந்த கணக்குல காவல்னு ஒரு வரியே இல்ல, ஏன்னா ஆன்டிபாடின்னா என்னன்னே அப்ப யாருக்கும் தெரியாது. அதுக்கப்புறம் பவுடர் பால் எவ்வளவோ முன்னேறிருச்சு, இன்னைக்கு சில வகை ஒலிகோசாக்கரைட கூட சேக்கறாங்க, நான் ஒத்துக்கறேன். அண்ணே, அவங்களே சத்து சேத்து முடிச்சுட்டு இப்ப காவலத்தான் ஒவ்வொண்ணா சேக்க பாக்கறாங்க. நூத்தம்பதுல விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அம்மா போன வாரம் பாத்த கிருமிக்கு இந்த வாரம் ஆன்டிபாடி செய்யறத எந்த டப்பாவுல அடைக்கறது?

எதிரணி இன்னொரு வார்த்தை சொன்னாங்க, "முழு உணவு". ஆறு மாசம் வரைக்கும் தண்ணி கூட வேணாம், தாய்ப்பால் மட்டும் போதும், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா சத்துக் கணக்கு மட்டும் பாத்தா அதுல ஓட்டை இருக்கு. வைட்டமின் கே கம்மி, அதனாலதான் பொறந்ததும் ஊசி போடறாங்க. வைட்டமின் டி கம்மி, அதனால நிறைய டாக்டருங்க சொட்டு மருந்து எழுதறாங்க. இரும்புச்சத்து கம்மி, பிள்ளை பொறக்கும்போது கொண்டுவந்த இருப்ப வச்சுதான் முதல் மாசங்கள ஓட்டுது. சாப்பாட்டுக்கடையா இருந்தா இத குறைன்னு எழுதலாம். காவல் நிலையத்துல வந்து மெனுவுல ரெண்டு ஐட்டம் இல்லையேன்னு கேப்பீங்களா?

"பேச்சு நல்லாருக்கு, ஆதாரம் எங்க"ன்னு நடுவர் அய்யா கண்ணாலயே கேக்கறாரு. இருக்குய்யா.

பெலாரஸ் நாட்டுல 1996, 97-ல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. 31 பிரசவ ஆஸ்பத்திரி, 17,046 தாயும் பிள்ளையும். அம்மாக்கள்ட்ட நீ பால் குடு, நீ குடுக்காதன்னு சீட்டு போட முடியாது, அது பாவம். அதனால ஆஸ்பத்திரிகள சீட்டு குலுக்கி ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் தாய்ப்பால் குடுக்க கூடவே இருந்து உதவி பண்ணாங்க, இன்னொரு பக்கம் வழக்கம்போல விட்டுட்டாங்க. உதவி கிடைச்ச பக்கம் மூணாவது மாசத்துல வெறும் தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைங்க நூத்துக்கு 43. மறுபக்கம் 6. எவ்வளவு வித்தியாசம் பாருங்க, அம்மாக்கள் அதே அம்மாக்கள்தான், பக்கத்துல ஆள் இருந்துச்சா இல்லையாங்கறதுதான் வித்தியாசம், இது தனியா ஒரு பட்டிமன்றம் போடலாம். முடிவு என்ன? ஒரு வயசுல எடையில பெரிய வித்தியாசமே இல்ல! ஆனா முதல் வருஷத்துல வயித்துப்போக்கு மாதிரி குடல் தொற்று வந்தது உதவி கிடைச்ச பக்கம் நூத்துக்கு 9.1, மறுபக்கம் 13.2. தோல்ல வர்ற எக்சிமா அரிப்பு 3.3, மறுபக்கம் 6.3. சாப்பாடுதான் பெரிய நன்மைன்னா வித்தியாசம் தராசுல தெரியணும். தெரிஞ்சது டயப்பர்ல!

இங்க நான் நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா எதிரணி கூகுள் பண்ணி வந்து நிப்பாங்க. அதே ஆய்வுல சளி இருமல் தொற்றுல பெரிய வித்தியாசம் தெரியல. பின்னாடி வளந்தப்புறம் பாத்தப்ப ஆஸ்துமா, குண்டாகறது இதுலயும் வித்தியாசம் வரல. வாட்ஸப்புல வர்ற மாதிரி தாய்ப்பால் குடிச்சா எந்த நோயும் வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். தடுப்பூசிக்கும் இது மாத்து கிடையாது, ஊசிய தேதி தவறாம போடணும். ஆனா பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்து 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை வரிசை வந்துச்சு. அதுல வயித்துப்போக்குல பாதிய, மூச்சுக்குழாய் தொற்றுல மூணுல ஒரு பங்க தாய்ப்பால் தடுக்க முடியும்னு கணக்கு. எல்லா இடத்துலயும் முறைப்படி குடுத்தா வருஷத்துக்கு 8,23,000 குழந்தை சாவ தடுக்கலாம்னும் அதுல கணக்கு போட்டாங்க. அந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானது தொற்றுலதான்யா போகுது.

ஆறு மாசத்துக்கு மேல கதை இன்னும் சுவாரஸ்யம். அப்ப தாய்ப்பால் மட்டும் போதாது, திட உணவு ஆரம்பிக்கணும்னு எல்லா டாக்டரும் சொல்லுவாங்க. அதாவது சாப்பாடுங்கற வேலையிலருந்து பால் பாதி ரிட்டையர் ஆயாச்சு. ஆனா அதே டாக்டர், அதே உலக சுகாதார நிறுவனம், 2 வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் குடுங்கன்னு சொல்றாங்க. இந்த காலத்துல லைசோசைம் பால்ல கூடிக்கிட்டே போகுது. ஏன்னு குழந்தைய பாத்தா தெரியும், தவழ ஆரம்பிச்சு தரையில கிடக்கறத எல்லாம் எடுத்து வாயில வைக்கிற வயசு. செருப்ப நக்கற வயசுல காவல் கூடுது!

நடுவர் மணிய தொடறாரு, தெரியுது. அய்யா ரெண்டு நிமிஷம். இது என் சொந்தக் கதை.

என் பையன் 29 வாரத்துல பொறந்துட்டான். 1,100 கிராம். எடுத்துட்டு போய் இன்குபேட்டர்ல வச்சுட்டாங்க, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவனுக்கு சாப்பாடு எல்லாம் நரம்பு வழியா டிரிப்ஸ்ல போய்க்கிட்டு இருந்துச்சு, குளுக்கோஸ், புரதம், கொழுப்பு, அண்ணன் ஒப்பிச்ச மெனு மொத்தமும். அப்ப ஒரு நர்ஸம்மா எங்கிட்ட வந்து "சீம்பால் பீய்ச்சி குடும்மா"ன்னாங்க. நான் அழுதுக்கிட்டே முக்கா மணி நேரம் முயற்சி பண்ணி ஒரு சின்ன சிரிஞ்சுல எடுத்தேன், ஒரு மில்லி கூட வரல. எனக்கு வெக்கமா போச்சு. "இத்தனூண்டுதான் இருக்கு, இது எப்படிம்மா பத்தும்"னு கேட்டேன். அந்தம்மா அத தங்கம் மாதிரி வாங்கிட்டு போய், அவன் கன்னத்து உள்பக்கம் இந்தப் பக்கம் ரெண்டு சொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு சொட்டு தடவி விட்டாங்க. அவன் முழுங்கக்கூட இல்ல. "வயித்துக்கு டிரிப்ஸ் இருக்கும்மா, இது வேற"ன்னாங்க. எனக்கு அன்னைக்கு புரியல. நஞ்சுக்கொடி வழியா வர்ற ஆன்டிபாடியில பெரும்பகுதி கடைசி மூணு மாசத்துலதான் வரும், அந்த மூணு மாசம் அவனுக்கு கிடைக்கவே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

குறைமாசக் குழந்தைக்கு டாக்டருங்க நடுங்கறது ஒரு குடல் நோய்க்கு, குடலோட திசு அழுகிப்போற நோய், என்இசின்னு சுருக்கி சொல்லுவாங்க. 1990-ல இங்கிலாந்துல 926 குறைமாசக் குழந்தைகள வச்சு வந்த ஆய்வுல, வெறும் பவுடர் பால் குடிச்ச குழந்தைங்களுக்கு தாய்ப்பால் மட்டும் குடிச்சவங்களவிட இது 6-லருந்து 10 மடங்கு அதிகமா வந்துச்சு. எங்க ரூம்ல எனக்கு பக்கத்துல இருந்த தங்கச்சிக்கு பால் வரவே இல்ல, பாவம் என்னென்னவோ பண்ணுச்சு. அது குழந்தைக்கு தாய்ப்பால் வங்கியிலருந்து வேற யாரோ ஒரு தாயோட பால் வந்துச்சு. அந்தப் பால 62.5 டிகிரியில 30 நிமிஷம் சூடு பண்ணிதான் குடுப்பாங்க, அதுல காவக்காரங்கள்ல கொஞ்சம் பேர் செத்துருவாங்க, மிச்ச பேரு இருப்பாங்க. இப்ப நல்லா கேளுங்க அண்ணே, குறைமாசக் குழந்தை எடை ஏறறது அந்த தானப் பால்லவிட பவுடர் பால்லதான் வேகம். ஆமா, உங்களுக்கு சாதகமான பாயின்ட், நானே எடுத்துக் குடுக்கறேன். ஆனா பவுடர் பால்ல அந்த குடல் நோய் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால அம்மா பால் இல்லன்னா டாக்டர் எத கேக்கறாரு? எடை கம்மியா ஏத்தற தானப் பால கேக்கறாரு! உணவா காவலான்னு நாம இங்க மேடை போட்டு மைக் வச்சு கேக்கற கேள்விய அந்த ரூம்ல தினமும் கேக்கறாங்க அய்யா, பதில் சிரிஞ்சுல இருக்கு.

பால் வராத அம்மாக்கள், மருந்து சாப்பிடறதால குடுக்க முடியாதவங்க, வேலைக்கு ஓட வேண்டியவங்க யாராவது இங்க இருந்தா, நான் பேசுனது உங்கள குத்தம் சொல்றதுக்கு இல்ல தாயி. பவுடர் பால் குடிச்சு நல்லா வளந்த பிள்ளைங்க ஆயிரம் உண்டு. ஆனா அங்கயும் பாருங்க, என் கட்சிதான் ஜெயிக்கும். அந்த பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது, அதனால 70 டிகிரிக்கு குறையாத சூட்டுல இருக்குற தண்ணியில கலக்கி அப்புறம் ஆறவச்சு குடுக்கணும், பாட்டில கொதிக்க வச்சு எடுக்கணும், மிச்சத்த எடுத்து வைக்காம கொட்டணும். ஏன் இவ்வளவு பாடு? சத்து டப்பாவுக்குள்ளயே இருக்கு, காவல மட்டும் நீங்க கையால செய்ய வேண்டியிருக்கு.

மணி அடிச்சாச்சு, முடிச்சுக்கறேன். என் பையனுக்கு இப்ப ஒன்பது வயசு, அந்தா மூணாவது வரிசையில உக்காந்துக்கிட்டு "எங்கம்மா என்னப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க"ன்னு முறைச்சுக்கிட்டு இருக்கான். எனக்கு அடுத்து எதிரணியில ஒரு அக்கா வர்றாங்க, நல்ல பேச்சாளர், எனக்கே அவங்க பேச்சு பிடிக்கும். அக்கா, வேற எதுக்கும் பதில் சொல்ல வேணாம். குழந்தைக்கு செரிக்கவே செரிக்காத அந்த சர்க்கரைய புரதத்துக்கு சமமா அம்மா உடம்பு எதுக்கு அக்கா செஞ்சு போடுது? அத மட்டும் சொல்லிட்டு அப்புறம் உணவுன்னு பேசுங்க. நன்றி, வணக்கம்.